விலைச்சீட்டில் ஒரு வம்சம்: வென்ச்சர் ஸ்மித்தின் குடும்பத்தைத் தேடி

 

வாத்தியார் நடத்திய இரவுப் பள்ளியில் படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். "தம்பி, உன் அப்பா பேரு என்ன?" சொல்வோம். "தாத்தா பேரு?" சொல்வோம். "தாத்தாவோட அப்பா?" அங்கே நின்றுவிடுவோம். அவர் திட்டமாட்டார். "ஊர்த்தெருவுல போய் இதே கேள்விய கேளு, ஏழு தலைமுறை ஒப்பிப்பான். அவனுக்கு மட்டும் ஞாபக சக்தி ஜாஸ்தியா என்ன?" என்பார். ஏன் அவனுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை என்பதைத்தான் அன்றைக்குப் பாடமாக நடத்துவார்.

நான் ஆயாவிடம் போய்க் கேட்டேன். ஆயா தகரப் பெட்டியிலிருந்து குறுக்கே கிழிந்த ஒரு புரோநோட்டை எடுத்துக் கொடுத்தது. என் தாத்தா படியாளாக இருந்த பண்ணையில், கல்யாணச் செலவுக்கு முன்பணம் வாங்கி எழுதிக்கொடுத்த நோட்டு அது. கடன் தீர்ந்த பிறகு பண்ணைக்காரர் கிழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அதில் கைநாட்டுக்கு மேலே "இன்னார் மகன் இன்னார்" என்று எழுதியிருந்தது. என் தாத்தாவின் அப்பா பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அந்தக் கடன் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெயரும் இல்லை.

இன்று நான் பேசப் போவது இன்னொரு விவசாயியைப் பற்றி. அவர் நம் நாட்டுக்காரர் அல்ல. வட அமெரிக்காவில், கனெக்டிகட் என்ற இடம் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் அங்கே உழைத்தவர். பெயர் வென்ச்சர் ஸ்மித். அமெரிக்கக் கறுப்பர்களின் கதை நமக்கு எதற்கு என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை அடிமை முறையை ஒழிக்க நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பாதை பழைய பாதை. நான் அதில் கொஞ்சம் உள்ளே போய், ஒரே ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் நிற்க நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் கனெக்டிகட்டில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்கார விவசாயியின் வம்சத்தைத் தேடுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை அல்ல. அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஊர்க் கணக்கர் இருந்தார். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் அவர் பதிவேட்டில் ஏறும். நிலக் கிரயமும் அதே அலுவலகத்தில்தான். பிறகு தேவாலயப் பதிவு, உயில், சொத்துப் பட்டியல், கல்லறைக் கல். 1845இலேயே பாஸ்டனில் குடும்ப வரலாறு தேடுவதற்கென்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். தன் முப்பாட்டன் எத்தனை மாடு வைத்திருந்தான், எத்தனை கரண்டி விட்டுப்போனான் என்பதுவரை ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடிக்கலாம்.

கறுப்பருக்கு அப்படியில்லை. 1790இல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதினார்கள். அடிமைகள் வெறும் எண்ணிக்கை. 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியலே போட்டார்கள். அதிலும் உடைமைக்காரன் பெயர் இருக்கும், அடிமையின் வயதும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கும், பெயர் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு வருவது 1870 கணக்கில்தான். அதனால் இன்றைக்கும் குடும்ப வரலாறு தேடும் அமெரிக்கக் கறுப்பர்கள் 1870ஐ ஒரு சுவர் என்கிறார்கள். நம் ஊர் 'அ' பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நிலம் யாருடையது என்று அது சொல்லும். உழுதவன் யார் என்று சொல்லாது.

வென்ச்சர் அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம், நூறு வருஷம் முன்னால் வாழ்ந்தவர். ஆனாலும் அவரைப் பற்றி நமக்குத் தெரிகிறது. காரணம், 1798இல், தன் 69ஆவது வயதில், தன் கதையை வாயால் சொல்லி எழுதவைத்து ஒரு சிறு நூலாக அச்சிட்டார். நியூ லண்டன் என்ற ஊரில் சார்லஸ் ஹோல்ட் என்பவரின் அச்சகத்தில் வந்த புத்தகம். அந்தப் புத்தகத்தின் கடைசியில், இந்த மனிதர் சொல்வது நம்பத்தக்கது என்று வெள்ளையர்கள் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தன் வாழ்க்கையைத் தானே சொன்னாலும் மேல்தெரு சாட்சி வேண்டியிருக்கிறது. நமக்குப் புதிதல்ல.

அவர் சொல்வதன்படி, பிறந்தது 1729 வாக்கில், ஆப்பிரிக்காவில் துகண்டாரா என்ற இடத்தில். பெற்றோர் வைத்த பெயர் ப்ரோட்டீர். அப்பா சௌங்ம் ஃபுரோ அந்த மக்களின் தலைவர். மூன்று மனைவிகள். மூன்றாவது கல்யாணத்தை முதல் மனைவியைக் கேட்காமல் செய்துகொண்டதால், கோபித்துக்கொண்டு பிள்ளைகளோடு வெளியேறிய அம்மா, தம்பிகள் இருவர், வழியில் ஒரு விவசாயியிடம் விடப்பட்டு ஆடு மேய்த்த சிறுவன். இவ்வளவும் அவர் நினைவில் இருந்தது. பிறகு ஒரு படை வந்தது. பணம் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி அப்பாவை அவர் கண்முன்னே சித்திரவதை செய்து கொன்றார்கள். சிறுவனைக் கடற்கரைக்கு, அனமாபு கோட்டைக்கு, நடத்திக்கொண்டு போனார்கள்.

துகண்டாரா எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்றுவரை தேடுகிறார்கள். எந்த வரைபடத்திலும் அகப்படவில்லை. ஆறேழு வயதுவரை அந்த மண்ணில் வாழ்ந்த ஒருவன், அறுபது வருஷம் கழித்து அந்தப் பெயரை வேற்றுமொழியில் சொல்லியிருக்கிறான், வேற்றுமொழிக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். வம்சத்தின் மேல்நுனி அங்கே அறுந்துபோகிறது.

கப்பலில் ஏற்றியதும் மம்ஃபோர்டு குடும்பத்தைச் சேர்ந்த கப்பல் அலுவலர் ஒருவர் அவரை வாங்கினார். விலை நான்கு காலன் ரம்மும் ஒரு துண்டு காலிகோ துணியும். சொந்தப் பணத்தில், சொந்த முயற்சியாகச் செய்த வியாபாரம் என்பதால் சிறுவனுக்கு 'வென்ச்சர்' என்று பெயர் வைத்தார். வியாபார முதலீடு என்று அர்த்தம். அந்தக் கப்பலின் பெயர், ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபடி, 'சார்மிங் சூசன்னா'. அழகிய சூசன்னா! 1739இல் அது திரும்பி வந்தது. 260 பேர் ஏறினார்கள், வழியில் அம்மை கண்டு, பார்படாஸ் தீவில் இறங்கியபோது 200 பேருக்கு மேல் உயிரோடு இல்லை என்கிறார் வென்ச்சர்.

அந்தக் காலிகோ துண்டில் கொஞ்சம் நிற்கிறேன். காலிகோ என்ற சொல்லே நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுபோன சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. சோழமண்டலக் கரையிலிருந்தும் அது போயிற்று. பறையரில் நெசவையே தொழிலாகக் கொண்ட கோலியர் என்ற பிரிவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் துண்டு நம் தறியில் நெய்தது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஒருவர் உழைப்பைக் கொடுத்து இன்னொருவர் உடம்பை வாங்குகிற சந்தை அன்றைக்கே எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த ஆவணம் 1754. ஃபிஷர்ஸ் தீவில் மம்ஃபோர்டு வீட்டில் அடிமையாக இருந்த வென்ச்சர், வேறு மூன்று பேரோடு படகில் தப்பி ஓடினார். உடைமைக்காரர் நியூயார்க் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அதில் வென்ச்சரின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம், அகன்ற தோள், பெரிய எலும்பு, முகத்தில் சொந்த நாட்டில் கத்தியால் கீறிய அடையாளம் என்று எழுதியிருக்கிறது. முகத்தில் இருந்த அந்தக் கீறலை வென்ச்சர் தன் புத்தகத்தில் சொல்லவே இல்லை. அவரைத் திரும்பப் பிடிக்க நினைத்தவன்தான் அவர் முகத்தை நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவர் திரும்பி வந்தார். கூடவந்த வெள்ளைக்காரனே மற்றவர்களின் பொருளைத் திருடிக்கொண்டு ஓடினான் என்பதுதான் காரணம். அதன்பின் ஸ்டான்டன் என்பவருக்கு விற்கப்பட்டார். மனைவி மெக்கும் கைக்குழந்தை ஹன்னாவும் மம்ஃபோர்டு வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஸ்டான்டன் அவர்களையும் 700 பவுண்டுக்கு வாங்கினார் (அது மதிப்பிறங்கிய பழைய காலனிப் பணம்). அந்த வீட்டில் எஜமானியம்மாள் மெக்கை அடிக்க, வென்ச்சர் குறுக்கிட்டார்; சாட்டை அவர்மேல் திரும்பியபோது அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். சில நாள் கழித்து ஸ்டான்டன் பின்னாலிருந்து கட்டையால் தலையில் அடித்தார். கைவிலங்கு மாட்டியபோது, தங்க மோதிரம் போட்டதற்கு நன்றி என்று எஜமானியிடம் சொன்னாராம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு விற்றுவிடுவேன் என்று மிரட்டியபோது, கடல் தாண்டித்தானே வந்தேன், கடல் தாண்டிப் போகவும் தெரியும் என்ற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். நம் பாட்டன்மார்களிலும் இப்படிப் பதில் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியாக அவரை வாங்கியவர் ஆலிவர் ஸ்மித். உன் விலையைக் கொடுத்தால் போகலாம் என்றார். வென்ச்சர் எஜமான் வேலை இல்லாத நேரத்தில் மீன் பிடித்தார், கீரி மாதிரிச் சிறு விலங்குகளைப் பொறி வைத்துப் பிடித்தார், கிழங்கு பயிரிட்டார். ஆனால் அடிமையின் பணம் சட்டப்படி எஜமானின் பணம். அடிமை பெயரில் பத்திரம் எழுத முடியாது. அதனால் சுதந்திரமான ஒரு கறுப்பர் தன் பெயரில் பத்திரம் வாங்கிக்கொண்டார். பினாமி என்றாலே மோசடி என்று நினைக்கிறோம். ஒரு மனிதன் தன்னைத் தானே வாங்கிக்கொள்ளவும் பினாமி தேவைப்பட்டிருக்கிறது. 1765இல், 36ஆவது வயதில், மொத்தம் 71 பவுண்டு 2 ஷில்லிங் கட்டி வெளியே வந்தார். ஸ்மித் என்ற குடும்பப் பெயர் அப்போது எடுத்துக்கொண்டது.

குடும்பம் இன்னும் வெளியே வரவில்லை. லாங் ஐலண்டில் விறகு வெட்டப் போனார். ஆறு மாதத்தில் 400 கார்டு விறகு. எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் அடுக்கினால் ஒரு கார்டு. விறகு வெட்டியவர்கள் இங்கே இருந்தால் மனதில் போட்டுப் பாருங்கள். நல்ல துணி வாங்கவில்லை, கூட்டாளிகளின் விருந்துக்குப் போகவில்லை. மகன்கள் சாலமனையும் கஃபையும் ஆளுக்கு 200 டாலர் கொடுத்து மீட்டார். பிறகு மெக்கை 40 பவுண்டுக்கு வாங்கினார். மெக் அப்போது கர்ப்பிணி. தாமதித்தால் இன்னொரு பிள்ளைக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் வாங்கிவிட்டேன் என்று கணக்குச் சொல்கிறார். அடிமைப் பெண்ணின் பிள்ளை அடிமை என்பது சட்டம். கடைசியாக மகள் ஹன்னாவை 44 பவுண்டுக்கு.

இதற்கு நடுவே மூத்தவன் சாலமன் போய்விட்டான். 12 பவுண்டு கூலிக்கு ஒரு வருஷம் ஒருவரிடம் வேலைக்கு விட்டிருந்தார். அந்த ஆள் வெள்ளிக் கொக்கிகள் வாங்கித் தருவதாக ஆசைகாட்டி அவனைத் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டான். விஷயம் தெரிந்து அப்பா ஓடிப் போனபோது கப்பல் கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தது. பையன் 17 வயதில் நடுக்கடலில் ஸ்கர்வி நோயில் செத்தான். அடுத்துப் பிறந்த மகனுக்கும் சாலமன் என்றே பெயர் வைத்தார்.

இந்த இடத்தில் படித்தவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். மகனின் உயிர் போனதைச் சொல்லிவிட்டு, கூடவே எனக்கு 75 பவுண்டு நஷ்டம் என்கிறார் வென்ச்சர். மகள் ஹன்னா நோயில் கிடந்து செத்ததைச் சொல்லும்போதும் வைத்தியச் செலவு 40 பவுண்டு என்று சேர்க்கிறார். இதென்ன, பெற்ற பிள்ளையைக் காசில் எண்ணுகிறாரே என்கிறார்கள்.

எனக்கு அந்தச் சுளிப்பு பிடிக்கவில்லை. அந்த ஊரில் பிறப்புப் பதிவு யாருக்கு இருந்தது? கல்யாணப் பதிவு யாருக்கு இருந்தது? வென்ச்சர் குடும்பத்தில் ஒவ்வொருவரும் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் காலனியே ஒப்புக்கொண்ட ஒரே அத்தாட்சி, அவர்களுக்குக் கொடுத்த விலை. 71 பவுண்டு 2 ஷில்லிங் என்றால் அது அவர். 40 பவுண்டு என்றால் மெக். 44 என்றால் ஹன்னா. அந்த எண்களை வரிசையாகச் சொன்னால் அதுதான் அவர் வம்சாவளி. என் தாத்தாவின் அப்பா பெயர் கடன் நோட்டில் கிடைத்தபோது நான் அழவில்லை, தொகை எவ்வளவு என்றுதான் முதலில் பார்த்தேன். ஆயாவும் அதைத்தான் முதலில் சொன்னது.

ஆனால் வாத்தியார் இருந்திருந்தால் என்னை இங்கேயே நிறுத்தி, "முழுசா படிச்சியா தம்பி?" என்று கேட்டிருப்பார். முழுசாகச் சொல்ல வேண்டும். வென்ச்சர் வேறு மூன்று கறுப்பர்களையும் விலைக்கு வாங்கினார். ஒருவரை 60 பவுண்டுக்கு, அவர் கேட்டுக்கொண்டதால் வாங்கியதாகச் சொல்கிறார். அந்த ஆள் 20 பவுண்டு திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிப்போனார். மீதி நஷ்டம் என்று எழுதுகிறார். இன்னொருவரை 400 டாலருக்கு வாங்கினார். அவர் பழைய எஜமானிடமே போக விரும்பியதால் அனுப்பிவிட்டார். மூன்றாமவர் 25 பவுண்டு, சீக்கிரமே கைமாறினார். விடுவிக்கத்தான் வாங்கினார் என்று சிலர் வாதாடுகிறார்கள். முதல் ஆளைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம். என் உறுத்தல் வேறு. அந்த மூன்று பேரின் விலையும் புத்தகத்தில் இருக்கிறது, ஒருவர் பெயர்கூட இல்லை. ப்ரோட்டீர் என்று தன் பெயரையும், தம்பிகள் பெயரையும் அறுபது வருஷம் நெஞ்சில் வைத்திருந்தவர், தன்னிடமிருந்து ஓடிப்போன மனிதனின் பெயரைச் சொல்லவில்லை. 1754இல் இவரைத் தேடி விளம்பரம் கொடுத்தவனாவது பெயரைப் போட்டான். அந்த மூவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எந்தச் சீட்டைத் தேடிப் போவார்கள்? இதை அவருடைய குற்றப்பத்திரிகையாக நான் வாசிக்கவில்லை. மூடி மறைக்கவும் எனக்கு மனம் இல்லை.

விடுதலைப் போர்க் காலத்தில் அவர் ஹாடம் நெக் என்ற இடத்துக்கு வந்தார். முதலில் பத்து ஏக்கர், பிறகு எழுபது, கடைசியில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம், குடியிருக்கத்தக்க மூன்று வீடுகள், வாழ்நாளில் வாங்கிவிற்ற படகுகள் இருபதுக்குக் குறையாது. மகன் கஃப் அமெரிக்கப் படையில் சேர்ந்து அந்தப் போரில் சண்டையிட்டான். நிலம் வாங்கிய பின்தான் வென்ச்சர் முழுதாக ஆவணத்துக்குள் வருகிறார். கிரயப் பத்திரங்கள் ஊர்க் கணக்கரிடம் ஏறின, குடும்பத்தைத் தேடுபவர்கள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். பஞ்சமி நிலத்துக்காகப் போராடுகிற தோழர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நிலம் சோறு மட்டும் போடுவதில்லை, பதிவேட்டில் பெயரையும் போடுகிறது. அந்த நிலம் பின்னாளில் ஓர் அணுமின் நிலையத்தின் வளாகத்துக்குள் போய்விட்டது. (கல்பாக்கம் பக்கத்துத் தோழர்கள் சிரிக்கிறார்கள்.) தொல்லியலாளர்கள் அங்கே தோண்டி வீட்டு அடித்தளங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

நிலம் வந்துவிட்டதால் நீதி வந்துவிடவில்லை. ஹார்ட் என்ற வெள்ளைக் கேப்டனின் வெல்லப்பாகுப் பீப்பாய் ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. வென்ச்சர் அந்தப் படகில் வெறும் பயணி. படகுக்காரர் ஒரு செவ்விந்தியர், அவரிடம் கறக்க ஒன்றும் இல்லை. காசு வைத்திருந்தவர் வென்ச்சர், ஆகவே வழக்கு அவர்மேல். பத்து பவுண்டு கட்டவைத்தார்கள். என் பிறந்த நாட்டில் இதை வழிப்பறி என்பார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். அந்தப் பக்கத்தில்தான் அவர் நிறத்தைப் பற்றி வாய்திறந்து கசந்து பேசுகிறார்.

1805 செப்டம்பர் 19 அன்று இறந்தார். ஈஸ்ட் ஹாடம் தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். அரசனின் மகனாகப் பிறந்து, கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, தன் உழைப்பால் விடுதலையை வாங்கியவர் என்று கல்லில் இருக்கிறது. பக்கத்தில் மெக்.

2006இல் வாரிசுகள் ஒப்புதல் கொடுத்து அந்தக் கல்லறைகளைத் திறந்தார்கள். கனெக்டிகட் மாநிலத் தொல்லியலாளர் நிக்கோலஸ் பெல்லன்டோனி தலைமையில் வேலை நடந்தது. எலும்பிலிருந்து மரபணு எடுத்தால் ஆப்பிரிக்காவில் எந்த மக்கள், எந்தப் பகுதி என்று தெரியும், துகண்டாராவைக் கண்டுபிடிக்கலாம் என்பது நம்பிக்கை. வாரிசுகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த மண் அமில மண். இருநூறு வருஷத்தில் எலும்பைத் தின்றுவிட்டிருந்தது. ஆறடிக்கு மேல் உயரமும், நானூறு கார்டு விறகு வெட்டிய தோளும் இருந்த குழியில் ஒன்றும் கிடைக்கவில்லை.

மெக்கின் குழியில் மட்டும் கை எலும்பில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், மரபணு எடுக்க முடியவில்லை. மெக் எங்கே பிறந்தாள், தாய் தகப்பன் யார் என்று வென்ச்சரின் புத்தகம் ஒரு வரியும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்டு எழுதவுமில்லை. கணவனுக்குப் பிறகு நாலு வருஷம் அந்த நிலத்தில் இருந்து 1809இல் இறந்தாள். அந்தக் கை எலும்பைத் திரும்ப அதே குழியில் வைத்து, மேலே மண்ணைத் தள்ளி, கல்லைப் பழையபடி நட்டார்கள்.